எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்

கண் கட்டுப் பிரிக்க அப்பாவை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். கூட ஆரும் வரக்கூடாதுங்க என்று அந்த நர்ஸ் பெண் கையை நீட்டியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன், எவ்வளவு நேரம் நின்றேன் தெரியவில்லை, பிறகுதான் பெஞ்சு இருப்பது கண்ணில் பட்டது, பெஞ்சில் உட்கார்ந்தால் போன் தானாகக் கைக்கு வந்துவிடுகிறது, போனில் மூன்று விமானக் கம்பெனிகள் பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. எந்தக் கம்பெனியில் உறுப்பினர் ஆவது, பறக்கிற தூரத்துக்குத் தருகிற மைல் புள்ளிகளை யாரிடம் சேர்ப்பது. மதியத்துக்குள்ள சொல்லிருங்க மேடம், டிக்கெட் போடறப்பவே நம்பரச் சேத்துட்டா நல்லது என்று டேவிட் பிரபு காலையிலேயே கூப்பிட்டுவிட்டான். எங்கள் பம்ப் கம்பெனியில் வெளிநாடு போகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் போடுகிறவன் அவன். ஒண்ணுலயே சேருங்க மேடம், அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்னு பிரிச்சா ஒண்ணுக்கும் ஆவாது என்றான், நல்ல பையன், ஆனால் கல்யாணத் தரகர் மாதிரி பேசுகிறான். ஒன்றிலேயே சேர்ந்து பார்த்த அனுபவம் எனக்கு ஏற்கெனவே ஒருமுறை ஆகி, மூன்றே வருடத்தில் பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பியும் வந்தாயிற்று, அதை அவனிடம் சொல்லவா முடியும். டென்மார்க்கில் ஒரு சோதனைக்கூடம், அதற்கு நான் பொறுப்பு, அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். இத்தனை வருடம் மற்றவர்கள் கையெழுத்துப் போட நான் பம்புகளைச் சோதித்தேன், இனி நான் கையெழுத்துப் போடுவேன், எனக்குப் போக ஆசையாகத்தான் இருக்கிறது, ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அப்பாவுக்கு என்னை விட்டால் பிள்ளை கிடையாது.

வளைகுடாக்காரன் கொச்சியில் இறக்கிவிடுவான், அங்கிருந்து கார் பிடித்துப் பாலக்காடு வழியாகக் கோயமுத்தூர் வர வேண்டும், டிக்கெட் மலிவு, விமானம் நிறைய. ஐரோப்பாக்காரன் வேகம், ஆனால் சென்னையோடு அவன் வேலை முடிந்தது, அப்புறம் நீ ஆச்சு உன் ஊர் ஆச்சு. சிங்கப்பூர்க்காரன் நேரே எங்கள் ஊர்ப் பீளமேட்டிலேயே இறக்குவான், வீட்டுக்கு ஆட்டோ போதும், ஆனால் அதற்கு முதலில் நம் தலைக்கு மேலாகவே பறந்து கிழக்கே அவ்வளவு தூரம் போய், அங்கே உட்கார்ந்திருந்து, மறுபடி இந்தப் பக்கமே திரும்பி வர வேண்டும். அப்பா கிடக்கிற வீட்டின் மேலேயே பறந்து அவரைத் தாண்டிப் போவது, கீழே பார்த்தால் மேகம், எந்த மேகத்துக்குக் கீழே என்ன நடந்துகொண்டிருக்கும். இல்லை, அப்படி நினைக்கக்கூடாது. கிடக்கிற என்று ஏன் நினைத்தேன், இருக்கிற வீடு, அப்பா இருக்கிற வீடு. நன்றாகத்தான் இருக்கிறார், சர்க்கரை இல்லை, காலை நடை தவறுவதில்லை, பக்கத்துத் தெருவில் ஈஸ்வரி சித்தி இருக்கிறாள், நாள் தவறாமல் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், அம்மாவின் தங்கை, அம்மா போன பிறகு எங்களுக்கு அவள்தான், சொன்னால் செய்வாள். பின்னே எதற்கு இந்த அட்டவணைகளைப் படிக்கிறேன், வெள்ளி அட்டை, தங்க அட்டை, கூடுதலாக ஒரு பெட்டி, ஓய்வறையில் இலவசச் சாப்பாடு. சாப்பாடு எனக்கு எதற்கு. நான் தேடுவது ஒரே ஒரு வரி. இடம் இல்லாத விமானத்தில் அவசரத்துக்கு யாரை முதலில் ஏற்றுவார்கள். தங்க அட்டை வைத்திருப்பவரை. தங்க அட்டைக்கு எவ்வளவு பறக்க வேண்டும். என் மாதிரி வருடம் ஒருமுறை ஊருக்கு வருகிறவள் பறப்பதைப்போல் பல மடங்கு. ஆபீஸ் வேலையாக எங்கெல்லாம் அனுப்புவார்கள், அதையெல்லாம் எந்தக் கம்பெனியில் போட்டால் அந்த அட்டை சீக்கிரம் கைக்கு வரும், வருவதற்குள் ஒன்றும் ஆகாமல் இருக்குமா, அட்டை வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் அப்பா என்று கேட்கவா முடியும். சீ, என்ன புத்தி இது.

பெரியப்பா மகன் தனபால் அண்ணனால் வந்த புத்தி. பெரியப்பா போனபோது அண்ணன் கனடாவில் இருந்தார், சேதி கேட்டதும் கிளம்பிவிட்டார், வழியில் ஏதோ ஒரு ஊரில் பனி பெய்து விமானம் தாமதம், அடுத்த விமானத்தில் ஏற முடியவில்லை, அதற்கடுத்ததில் இடம் இல்லை, அட்டைக்காரர்கள் அவர் கண்ணெதிரிலேயே ஒவ்வொருவராக ஏறிப் போனார்களாம். இங்கே பந்தலுக்கு அடியில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது, கரண்ட் போனால் என்ன செய்வது என்று சித்தப்பாக்கள் ஜெனரேட்டர்காரனோடு பேசிக்கொண்டிருந்தார்கள், வருகிறவர்கள் மாலையைப் போட்டுவிட்டு, பெரியம்மாவைக் கட்டி ஒரு மூச்சு அழுதுவிட்டு, வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே கேட்பார்கள், எப்பீங்க எடுக்கறீங்க. அண்ணன் வரோணும். வந்துருவாப்லயா. வந்துருவாருங்க. மறுநாளும் அதே கேள்வி. பெட்டிக்கு மேல் கண்ணாடியில் தண்ணீர் கோத்துக்கொண்டு பெரியப்பா முகம் தெரியாமல் போகும், பெரியம்மா சேலைத் தலைப்பால் துடைப்பார், மறுபடி கோத்துக்கொள்ளும், மறுபடி துடைப்பார். இனித் தாங்காது என்று யாரோ சொன்னார்கள். எடுத்துவிட்டார்கள். சின்னச் சித்தப்பாவின் மகன் நெருப்பு வைத்தான். பொழுது சாய அண்ணன் வந்து இறங்கியபோது பந்தல்காரன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான், வீட்டைக் கழுவிவிட்ட ஈரத்தில் அண்ணன் ஷூவோடு நின்றார். பெரியம்மா வந்து, சாப்புட்டியா சாமி, என்று கேட்டார். கனடாவுக்குத் திரும்புகிற அன்று அண்ணன் என்னிடம் சொன்னார், ஒரே கம்பெனில பறந்திருந்தா ஏத்திருப்பானுக ரேணு. அழவில்லை, அதை மட்டும்தான் சொன்னார், ஏதோ எனக்கு உபயோகப்படட்டும் என்பதுபோல.

எடுப்பது. எத்தனை தடவை இந்தச் சொல்லை ஒரு நாளில் சொல்கிறோம், ஒரு தடவையாவது காதில் விழுந்திருக்கிறதா. டிக்கெட் எடுத்தாச்சா ரேணுகா, லீவு எடுப்பியா, துணிமணி எடுத்தியா, குளிருக்கு நல்ல கோட்டா எடுத்துக்கோ. அப்பா டவுன் பஸ் ஓட்டியவர், எங்கள் வீட்டில் விடிவதே அந்தச் சொல்லோடுதான், மொத வண்டி எடுக்கோணும், காப்பி குடு. ஸ்டாண்டுக்கு ஓடி வருகிறவர்களிடம் கடைக்காரர் சொல்வார், எடுத்துட்டாருங்க சென்னியப்பண்ணன், இப்பத்தான் எடுத்தாரு. பிரசவ ஆஸ்பத்திரியில் என்னை முதலில் கையில் எடுத்ததும் அப்பாதானாம், காக்கிச் சட்டையோடு வந்திருந்தாராம், சட்டையில் டீசல் வாசம் அடிக்குமே என்று அம்மா கத்தினாளாம். போன வாரம் சாப்பிடும்போது அப்பா கேட்டார், அம்மிணி, உன்ற பிளேன் எத்தன மணிக்கு எடுப்பான். எனக்குச் சோறு இறங்கவில்லை. எதுல போனாலும் விடியக்காலையிலீங்கப்பா என்றேன், அந்த நேரத்தையே மறந்துவிட வேண்டும் போலிருந்தது. அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டு, அந்நேரத்துல ரோட்டுல கூட்டமிருக்காது, அருமையாப் போயிரலாம் என்றார். பஸ் ஓட்டியவருக்கு எல்லாப் பயணமும் ரோட்டில்தான் ஆரம்பிக்கிறது. ஓட்டுகிற காலத்தில் அவருக்குக் கண் என்றால் கண், எதிரே வருகிற பஸ்ஸின் போர்டை நாங்கள் பஸ்ஸையே பார்ப்பதற்கு முன் படித்துவிடுவார். அதனால்தானோ என்னவோ புரை விழுந்த பிறகு அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டு, பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எதிரில் இருக்கிறவரிடம் இன்னிக்கு என்னங்க விசேசம் என்று கேட்டுக்கொண்டு, சமாளித்தார், பெரிய நடிகர். ஆப்பரேசன் பேச்சை எடுத்தால் பார்க்கலாம் பார்க்கலாம் என்பார். டென்மார்க் விஷயத்தை நான் சொன்ன அன்று சாயங்காலம் அவராகவே வந்தார், கண் ஆஸ்பத்திரிக்கு எப்பப் போலாம். எனக்குச் சுருக்கென்றது. மகள் போன பிறகு தனியாக அடுப்புப் பற்ற வைக்க வேண்டும், மாத்திரை பார்த்து எடுக்க வேண்டும், படி இறங்க வேண்டும், அதற்குத் தயாராகிறார். நான் அவரைத் தனியாளாக ஆக்குகிறேன், அவர் சத்தமில்லாமல் ஆகிக்கொண்டிருக்கிறார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் முழங்கையைத் தொட்டார், வெற்றிலை வாசம், உங்களுக்கு ஆருங்க உள்ள. அப்பாங்க. எந்தக் கண்ணு. வலதுங்க. எங்கூட்டுக்காரருக்கு எடது, கட்டுப் பிரிச்சதும் மொதல்ல என்ன கேட்டாருன்னு நெனைக்கறீங்க, பீடி எங்கன்னு. சிரித்தார், நானும் சிரித்தேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, அவர் அதைப் பார்த்துவிட்டு, பயப்படாதீங்க கண்ணு, எல்லாருக்கும் நல்லாத்தேன் தெரியுது என்றார். நான் பயந்தது அதற்கு இல்லை என்று எப்படிச் சொல்வது. போனில் விட்ட இடத்தைத் தேடினேன். நெருங்கிய உறவினர் இறந்தால் பயணத் தேதியைக் கட்டணமின்றி மாற்றிக்கொள்ளலாம், இறப்புச் சான்றிதழைப் பதிவேற்றவும். அதாவது ஆள் போக வேண்டும், ஆபீசில் பதிய வேண்டும், சான்றிதழ் வர வேண்டும், அதற்குப் பிறகு நான் கிளம்ப வேண்டும், மறுநாள் சாம்பலுக்குப் பால் தெளிப்பதற்காவது வருவேனா. எழுதியவனுக்கு அப்பா அம்மா இருக்கிறார்களா. உறுப்பினராகச் சேர்ந்து பார்ப்போம் என்று சிங்கப்பூர்க்காரனிடம் பெயரைக் கொடுத்தேன், குடும்பப் பெயர் இல்லாமல் விடமாட்டேன் என்றான், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி சென்னியப்பன் என்று போட்டேன், நமக்கு ஏது குடும்பப் பெயர், அப்பன் பெயர்தான். உடனே ஒரு வாழ்த்து வந்தது. அன்புள்ள சென்னியப்பன், உலகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. விமானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததோடு சரி, அப்பா ஏறியதில்லை, அவருக்குத்தான் அந்த வாழ்த்து. அங்கே ஆபீசிலும் இப்படித்தான் கூப்பிடுவார்கள், நான் திரும்பிப் பார்க்க வேண்டும். அவர் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிடும்போதெல்லாம் நான் இங்கே இல்லை என்பது ஞாபகம் வரும். வரட்டும். எந்தக் கம்பெனி என்று முதலில் முடிவு செய்.

என்ற புள்ளதான் நெருப்பு வெப்பா. போன ஆவணியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்தி முடிந்து உட்கார்ந்திருக்கும்போது அப்பா இதை எல்லோர் முன்னாலும் சொன்னார், பொம்பளப் புள்ளயா, சுடுகாட்டுக்கா, என்று ஒரு மாமா இழுத்தார், அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ஆமா, அவதான், அதுல பேச்சே இல்ல என்றார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கங்கெட்ட பெருமை, அப்பா சாவதைப் பற்றிய பேச்சில் மகளுக்குப் பெருமை. இப்போது அந்த வாக்கு என் கழுத்தில் கிடக்கிறது. நான் வராவிட்டால் அந்த மாமாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்பார், நாங்க அன்னிக்கே சொன்னமுல்ல என்பார். சித்தி போனில் அழுவாள், எங்க கண்ணு இருக்கற, எப்ப வருவ, எல்லாரும் கேக்கறாங்க எத்தன மணிக்கு எடுக்கறதுன்னு. நான் ஏதோ ஓர் ஊரின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருப்பேன், கையில் வெறும் நீல அட்டை, சேர்கிற எல்லோருக்கும் இனாமாகக் கொடுப்பது. கொச்சியில் இறங்கினால் பாலக்காட்டில் மழை, ரோட்டில் லாரி கவிழ்ந்து கிடக்கும். சென்னையில் இறங்கினால் கோயமுத்தூர் விமானம் கிளம்பியிருக்கும். பீளமேட்டில் இறங்கினால், ஆமாம், இறங்கினால் ஆட்டோதான், சிங்கப்பூர்தான், சுற்று வழி, போகட்டும், காசு போகட்டும், வருகிற சம்பளத்தில் அந்த டிக்கெட்டுக்கு வருடம் ஒருமுறைதான் வர முடியும், போகட்டும், அந்த ஒரு நாளில் வீட்டு வாசலில் போய் இறங்குவேன், முகம் பார்ப்பேன். அந்த ஒரு நாளுக்காகப் பல வருடம் மைல் சேர்க்க வேண்டும். டேவிட்டுக்குச் சிங்கப்பூர் என்று எழுத ஆரம்பித்தேன், எழுத்துத் தப்பித்தப்பி விழுந்தது. கதவு திறந்தது.

சென்னியப்பன் கூட வந்தவங்க ஆருங்க, என்று நர்ஸ் பெண் கேட்டாள், கை தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார், பெரிய கறுப்புக் கண்ணாடி, வலது கண்ணோரம் பிளாஸ்திரி ஒட்டியிருந்த தடம் சிவந்திருந்தது. சொட்டு மருந்து எப்போது போட வேண்டும், தலைக்குக் குளிக்கக்கூடாது, குனிந்து எதையும் எடுக்கக்கூடாது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அவள் அந்தப் பக்கம் போனதும் அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்பா, கழட்டக்கூடாதுன்னு சொன்னாங்களே."

"செத்த நேரம். கிட்ட வா."

பக்கத்தில் போனேன். வலது கண் கலங்கித் தண்ணீர் கோத்திருந்தது. அதை இடுக்கிக்கொண்டு என் நெற்றியைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், காதோரம் பார்த்தார்.

"வெள்ள முடி எப்ப வந்துச்சு அம்மிணி?"

"அது ஆச்சுங்க நாலஞ்சு வருசம்."

"சொல்லவே இல்ல."

"அதையெல்லாமா சொல்லுவாங்க? நீங்க மொதல்ல உக்காருங்கப்பா. இனி அடுப்புக்கிட்ட நின்னா நல்லாத் தெரியும், மாத்திர அட்டையப் படிச்சுக்கலாம். சித்தி வராட்டியும்..."

"அடுப்புக்கும் மாத்திரைக்குமா நான் கண்ணக் கிழிச்சுக்கிட்டேன்?" என்றார் அப்பா. "அதெல்லாந்தான் தடவித்தடவிப் பாத்துக்குவனே."

"பின்ன எதுக்குங்க?"

பெஞ்சிலிருந்த அந்த அம்மாள் எழுந்து இடம் விட்டார், அப்பா உட்காரவில்லை.

"ஊட்டுல நீயி போனையே பாத்துக்கிட்டிருக்கற. டேவிட்டுத் தம்பிகூடப் பேசறதக் கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கறேன். எந்தப் பிளேன்ல வந்தா வெரசா வரலாம், தனபாலு மாதிரி ஆயிரப்படாதுன்னு. வருவ. உசுரக் குடுத்தாவது வந்துருவ, எனக்குத் தெரியும். வந்து என்ற மூஞ்சியப் பாப்ப." கண்ணைத் துடைக்கக் கை போனது, துடைக்கக்கூடாது என்று ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். "அப்ப நீ என்னையப் பாப்ப சாமி. நான் உன்னையப் பாக்க முடியுமா? இத்தன நாளாக் கண்ணு முன்னால ஒரு பொகையாட்டத்தான் நின்ன. இப்பப் பாத்துக்கலாம்னுதான் வந்தேன்."

என் கையில் போன் அடித்தது, டேவிட் பிரபு. எடுக்காமல் விட்டால் மறுபடி அடிப்பான், எடுத்தேன். மேடம், யோசிச்சீங்களா, தங்க அட்டைக்கு எது சீக்கிரம்னு நானும் ஒரு கணக்குப் போட்டு வெச்சிருக்கேன் என்றான். நான் இத்தனை நாள் படித்த அட்டவணை எல்லாம் ஒரே ஒரு பயணத்துக்கு, அந்தப் பயணத்தில் மட்டும்தான் அப்பா என்னைப் பார்க்க மாட்டார். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை. தங்கம் வேண்டாம் டேவிட், கொச்சிக்காரன்லயே போட்டுடு, மலிவாத்தான இருக்கு, வருசத்துக்கு ரெண்டு மூணு தடவ வரணும் எனக்கு என்றேன். அவசரம்னா அவன்ல கஷ்டம் மேடம் என்றான். தெரியும் என்றேன், வைத்துவிட்டேன்.

"ஆரு, டேவிட்டா?"

"ஆமாங்கப்பா."

"நவுராத. அந்த ஜன்னல் பக்கமாத் திரும்பு, இங்க வெளிச்சம் பத்தல."

திரும்பினேன். வெயில் முகத்தில் விழுந்தது. அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார், அந்த நர்ஸ் பெண் தூரத்திலிருந்து சத்தம் போட்டும் அதை மாட்டிக்கொள்ளவில்லை. என்னால்தான் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.